க்ளோ என்றால் மஞ்சள் தட்டு

கல்யாண மண்டபத்தில் யாராவது ஒரு பெண்ணைப் பார்த்து "யூ ஆர் க்ளோயிங்" என்று சொன்னால், இன்றைக்கும் எனக்கு அந்தப் பெண்ணை நினைத்துச் சங்கடமாக இருக்கிறது. அது பாராட்டு என்று எனக்குத் தெரியும். தெரிந்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. ஆனாலும் அந்தச் சொல் காதில் விழுந்த உடனே என் கை ஒரு மஞ்சள் தட்டைத் தேடுகிறது.

நான் ஆறாம் வகுப்போடு நின்றவள். பத்து காவான் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆங்கிலம் என்பது மழை பெய்து வெளியே விளையாட முடியாத நாள்களில் வாத்தியார் எடுக்கும் பாடம். அதனால் என்னுடைய ஆங்கிலம் பள்ளியில் படித்தது இல்லை. பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில், கறுப்புத் துணி போர்த்திய கூண்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு படித்தது. எழுபதுகளின் கடைசியில் கல்யாணமாகிப் பினாங்குக்கு வந்து, ஒரு பிள்ளையும் பெற்ற பிறகு அந்த வேலைக்குச் சேர்ந்தேன்.

அங்கே கணக்குப் போடும் இயந்திரங்களுக்குச் சின்னச் சிவப்பு விளக்குகள் செய்தார்கள். ஏழு குச்சிகள் சேர்ந்து எட்டு என்ற எண்ணாக எரியும். ஊசி முனைபோல ஒரு கம்பியை வைத்தால் விளக்கு எரிய வேண்டும். பூதக்கண்ணாடி வழியாகப் பார்த்து நான் தட்டில் பிரித்துப் போட வேண்டும். ஏழு குச்சியும் ஒரே மாதிரி சுள்ளென்று எரிந்தால் அது பிரைட், பச்சைத் தட்டு. ஒன்றுமே எரியாவிட்டால் டெட், கறுப்புத் தட்டு. எரிந்தும் எரியாமல், அடுப்பில் தண்ணீர் தெளித்த கரி மாதிரி மங்கலாகச் சிவந்து கிடந்தால் அது க்ளோ. அதற்கு மஞ்சள் தட்டு. தட்டின் முகப்பில் பெரிய எழுத்தில் ஒட்டியும் வைத்திருந்தார்கள். மஞ்சள் தட்டுச் சாமான் வாங்குகிறவனுக்குப் போகாது. அதை எங்கே கொண்டுபோய்க் கொட்டினார்கள் என்றுகூட எங்களுக்குத் தெரியாது.

முதல் நாள் எங்கள் சூப்பர்வைசர் என் பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுத்தார். சீனப் பெண். நாங்கள் மிஸ் என்றுதான் கூப்பிடுவோம். "பிரைட், குட். க்ளோ, நோ குட். டெட், நோ குட். ஃபஹாம்?" புரிந்ததா என்று மலாயில் கேட்டார். புரிந்தது என்று தலையாட்டினேன். நன்றாகத்தான் புரிந்தது. அதுதான் வினை.

அப்போது என் மகளுக்கு நான்கு வயது. என்னுடன் இல்லை. எனக்கு வாரத்துக்கு ஒரு ஷிப்ட் மாறும். வீட்டுக்காரருக்குத் துறைமுகத்தில் வேலை, கப்பல் வந்தால்தான் நேரம். ஜார்ஜ் டவுனில் ஒரு கடைவீட்டு மாடியில் ஒற்றை அறையில் குடியிருந்தோம். பிள்ளையை யார் பார்ப்பது? புக்கிட் மெர்தாஜாமில் மாமியார் வீட்டில் விட்டிருந்தோம். ஞாயிற்றுக்கிழமை லீவு கிடைத்தால் ஃபெரி பிடித்து, பஸ் பிடித்துப் போவேன். அவள் மாமியாரை அம்மா என்று கூப்பிடுவாள். என்னைப் பினாங்கு அம்மா என்பாள். கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரித்து வைப்பேன்.

அந்தச் சமயத்தில்தான் ஸ்டோரில் ஓர் இடம் காலியானது. காலையில் போய்ச் சாயங்காலம் வந்துவிடலாம், ஷிப்ட் கிடையாது. அந்த இடம் கிடைத்தால் பிள்ளையைக் கொண்டுவந்துவிடலாம். பகலில் பார்த்துக்கொள்ளக் கீழ்வீட்டு அக்கா ஒத்துக்கொண்டிருந்தார். இந்தச் செய்தியை என்னிடம் கொண்டுவந்தவள் பக்கத்துக் கூண்டில் வேலை பார்த்த சிநேகிதி. என்னைவிட இளையவள், பாரம் மூன்று, அதாவது ஒன்பதாம் வகுப்பு வரை படித்தவள். வாய் அவளுக்கு எப்போதும் முன்னால் போகும்.

"யக்கா, நோர்மல் ஷிப்ட் ஒண்ணு காலியாவுது. போய்க் கேளு."

"நானா?"

"இல்ல, உன் மாமியாவ அனுப்பு."

"மிஸ்ஸுக்கே தெரியாதா, எனக்குப் புள்ள இருக்கிறது?"

"நீ வாயத் தொறக்கமாட்ட. மிஸ்ஸுக்கு என்ன, கனவுலயா வந்து சொல்லுவாங்க? போ லா."

போனேன். மிஸ்ஸின் மேசைக்கு முன்னால் நின்றேன். "மிஸ், ஸ்டோர். ஐ வான்ட்" என்றேன். பிள்ளைக்காக என்று சொல்ல நினைத்து வைத்திருந்த வார்த்தைகள் வரவே இல்லை. மிஸ் என்னை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "ஓகே, ஐ சீ லா" என்றார். பார்க்கிறேன் என்று சொன்னதாக எடுத்துக்கொண்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமையே பாசார் சந்தையில் பூப்போட்ட ஒரு குட்டித் தலையணை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். மகளிடமும், "அடுத்த மாசம் அம்மா வந்து கூட்டிக்கிட்டுப் போறேன்" என்று சொல்லிவிட்டேன். அதைச் சொல்லியிருக்கக் கூடாது.

இரண்டு மூன்று நாள் கழித்து மிஸ் இன்னொரு சூப்பர்வைசரோடு பேசிக்கொண்டு எங்கள் வரிசை வழியாகப் போனார். ஸ்டோர் என்ற சொல் கேட்டது. காதைத் தீட்டிக்கொண்டேன். எங்களோடு புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு பெண் உண்டு, பாரம் ஐந்து முடித்தவள். அவளை மிஸ் கையால் காட்டி, "தட் ஒன் பிரைட் கேர்ள்" என்றார்.

பிரைட் என்றால் எனக்குத் தெரியாதா? பச்சைத் தட்டு.

வயிறு எரிந்தது. வேறு எப்படிச் சொல்வது? அந்தப் பெண் மேல் கோபம் இல்லை. மிஸ் மேலும் முழுசாகக் கோபம் இல்லை. உள்ளே எரிந்தது, அவ்வளவுதான். மிஸ் திரும்பி வந்தபோது என் முகத்தைப் பார்த்து நின்றுவிட்டார்.

"வை யுவர் ஃபேஸ் லைக் தட்?"

இதை மலாயில் சொல்லியிருக்கலாம். சாக்கிட் ஹாத்தி என்று இரண்டே வார்த்தை. மனசு நொந்துவிட்டது என்று இந்த ஊரில் யாருக்கும் புரியும். ஆனால் ஸ்டோர் வேலைக்கு ஆங்கிலம் வேண்டும் என்று சிநேகிதி சொல்லியிருந்தாள். எனக்கும் ஆங்கிலம் வரும் என்று காட்ட நினைத்தேன். விளக்கு எரிவதற்குப் பர்னிங் என்று சொல்லிக் கேட்டிருக்கிறேன். வயிற்றுக்கும் அதுதானே இருக்க வேண்டும்?

"மிஸ், மை ஸ்டொமக் பர்னிங்."

"ஐயோ, காஸ்ட்ரிக் ஆ? மார்னிங் நெவர் ஈட், இஸ் இட்?" என்று சொல்லி என்னை உடனே கிளினிக்குக் கிளப்பிவிட்டார். அங்கே இருந்த மலாய் நர்ஸ் வெள்ளையாக இரண்டு மாத்திரைகளைக் கையில் வைத்து, மென்று தின்னச் சொன்னார். சுண்ணாம்பில் புதினா கலந்த மாதிரி இருந்தது. மென்றேன். எரிச்சல் அப்படியே இருந்தது.

திரும்பி வந்ததும் சிநேகிதி துணிக்குள்ளிருந்தே கேட்டாள்.

"என்ன குடுத்தாங்க?"

"மாத்திர."

"எதுக்கு?"

"வயித்தெரிச்சலுக்கு."

அவள் கூண்டு குலுங்கியது. "யக்கா, அந்த மாத்திர இங்க பாதிப் பேருக்கு வேணும். எனக்கும் ரெண்டு வாங்கியாந்திருக்கலாம்ல?"

அன்றிலிருந்து மிஸ் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "ஸ்டொமக் ஓகே?" என்று கேட்பார். ஓகே மிஸ் என்பேன். உள்ளே இருப்பதைச் சொல்லும் சொல் ஒன்றுகூட என் கையில் இல்லை. தமிழில் விளக்கும் எரியும், அடுப்பும் எரியும், வயிறும் எரியும். எது நல்லது, எது கெட்டது என்று யாரும் யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. இந்த ஆங்கிலத்தில் மட்டும் ஒவ்வொரு எரிச்சலுக்கும் தனித்தனித் தட்டு. எந்தத் தட்டில் எதைப் போடுவது என்பதை என்னிடம் யாரும் முழுசாகச் சொல்லவில்லை. ஃபயர் என்றால் நெருப்பு என்று படித்திருந்தேன். தொழிற்சாலையில் மிஸ் ஃபயர் பண்ணிவிட்டார் என்றால் திட்டிவிட்டார் என்று அர்த்தம். அதை நான் சேர்ந்த புதிதில் நிஜ நெருப்பு என்று நம்பி, தண்ணீர் வாளியைத் தூக்கப் போய் எல்லோரும் சிரித்த கதை தனி.

அடுத்த வாரம் மேனேஜர் வந்தார். வெள்ளைக்காரர். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வரிசை வரிசையாக நடப்பார். யாரிடமும் நின்று பேசமாட்டார். அன்றைக்கு என் கூண்டுக்குப் பின்னால் நின்றார். பக்கத்தில் மிஸ். நான் துணியை விலக்கிவிட்டு எழுந்தேன். அவர் சிரித்தபடி ஏதோ சொன்னார். வேகமான பேச்சு. அதில் என் காதில் தங்கியது மூன்றே சொற்கள். யூ. க்ளோயிங். ரிப்போர்ட். பிறகு, நாளைக்கு இரண்டு மணிக்குத் தன் ஆபீசுக்கு வரச் சொன்னார். அது மட்டும் தெளிவாகப் புரிந்தது, விரலைக் காட்டியே சொன்னதால்.

அவர்கள் போன பிறகு சிநேகிதியைப் பார்த்தேன். அவள் முகத்திலும் சிரிப்பு இல்லை.

கேண்டீனில் மீகூன் சேமியாவைக் கிளறிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

"க்ளோவுன்னுதானே சொன்னாரு?"

"க்ளோயிங் ரிப்போர்ட்டுன்னாரு. எனக்கும் கேட்டுச்சு."

"நான் பச்சத் தட்டுல க்ளோவ விட்டுட்டேனா? நல்லாத்தான பாத்தேன்."

"எவனாச்சும் வாங்குனவன் ரிப்போர்ட் அடிச்சிருப்பான் யக்கா. ரிப்போர்ட்டுன்னா கம்ப்ளெயின்ட்டுதான். போலீஸ்ல போய் ரிப்போர்ட் குடுக்கிறான்னா மாலையா போடுறான்?"

"மிஸ் சிரிச்சாங்களே."

"சிரிப்பாங்க லா. பிரைட்டு ஸ்டோருக்குப் போவுது. க்ளோவ வீட்டுக்கு அனுப்பப் போறாங்க. சிரிக்காம?"

அவள் விளையாட்டாகச் சொன்னாள். சொல்லி முடித்ததும், சொல்லியிருக்க வேண்டாம் என்று அவளுக்கே தோன்றியிருக்கும். தன் தட்டிலிருந்த வடையை என் தட்டில் வைத்தாள். எனக்கு அது விளையாட்டாகப் படவில்லை. நான் நாள் முழுக்கச் செய்கிற வேலையே அதுதானே. மங்கலாக எரிவதைப் பொறுக்கி ஒதுக்குவது. இப்போது என்னையும் யாரோ கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டார்கள்.

மறுநாள் மத்தியானம் ஒரு மணியிலிருந்தே நிஜமாகவே வயிறு எரிய ஆரம்பித்துவிட்டது. சோறு இறங்கவில்லை. ஆபீசுக்குப் போனால் அவர் ஆங்கிலத்தில் கேட்பார். எனக்கு ஒரு பதிலும் வராது. பேசாமல் நின்றால் குற்றத்தை ஒத்துக்கொண்ட மாதிரி ஆகும். வேலையும் போய்விட்டால் பிள்ளையை எங்கே கொண்டுவருவது? இப்படியெல்லாம் யோசித்துக்கொண்டே எழுந்தேன். மாடிப்படிப் பக்கம் போக வேண்டிய கால் கிளினிக் பக்கம் போனது. நர்ஸ் என்னைக் கண்டதும், "பெருத் லாகி?" என்றார். மறுபடியும் வயிறா என்று கேட்டு, அதே மாத்திரையைக் கொடுத்து, கட்டிலில் படுக்க வைத்தார். சுவரில் கடிகாரம் இருந்தது. நான் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. இரண்டு மணி கடந்துபோனது.

சாயங்காலம் ஷிப்ட் முடிகிற நேரத்தில் மிஸ் வந்தார். முகம் சிவந்துபோயிருந்தது. நான் சேர்ந்த நாளிலிருந்து அவரை அப்படிப் பார்த்ததில்லை. ஆங்கிலமும் மலாயும் கலந்து கொட்டினார். உன்னைப் பற்றி நான்தான் அவ்வளவு நல்லபடியாகச் சொன்னேன். அந்தப் பெண் புத்திசாலிதான், ஆனால் நீதான் நம்பிக்கையான ஆள் என்றேன். மேனேஜரே நேரில் வந்து உன்னைக் கூப்பிட்டார். அரை மணி நேரம் காத்திருந்தார். உனக்கு இஷ்டமில்லை போலிருக்கிறது என்று சொல்லி ஸ்டோர் இடத்தை அந்தப் பெண்ணுக்குக் கொடுத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டார். ஏன் போகவில்லை? ஏன்?

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. "மிஸ், ஹி சே க்ளோயிங்" என்றேன்.

"யெஸ் லா. க்ளோயிங் ரிப்போர்ட். வெரி குட் ரிப்போர்ட்."

"குட்?"

"க்ளோயிங் மீன் குட். வெரி, வெரி குட்."

நான் திரும்பி மஞ்சள் தட்டை இரண்டு கையாலும் தூக்கி அவர் முன்னால் வைத்தேன். உள்ளே அன்றைய சாமான் கிடந்தது. ஒட்டியிருந்த சொல்லின் மேல் விரலை வைத்தேன்.

"மிஸ், க்ளோ, நோ குட். யூ டோல்ட் மீ."

என் வாழ்க்கையில் அவ்வளவு ஆங்கிலம் நான் தொடர்ந்தாற்போல் பேசியது அன்றைக்குத்தான். மிஸ் அந்தத் தட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். சிநேகிதி பையை மாட்டிக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாள்.

கடைசியில் மிஸ், குரலை இறக்கி, "தட் ஒன் லைட் லா" என்றார். "யூ பெர்சன்."

அது விளக்கு, நீ மனுஷி. அவ்வளவுதான் விளக்கம். மேனேஜரிடம் சொல்ல முடியுமா என்று கேட்டேன். கையெழுத்து ஆகிவிட்டது என்றார். அவருக்கும் வருத்தம்தான் என்று நினைக்கிறேன். மறுநாள் எனக்கு ஒரு டப்பா பிஸ்கட் கொண்டுவந்து, காலையில் பட்டினி இருக்காதே என்றார்.

வீட்டுக்காரரிடம் சொன்னபோது அவர் சட்டையைக் கழற்றிக்கொண்டே கேட்டார்.

"ஒரு வார்த்தைக்கா போகாம இருந்த?"

"தப்புன்னு நெனச்சேன்."

"போய்க் கேட்டிருந்தா என்ன, கடிச்சா தின்னிருப்பான்?"

ஆணுக்கு அது சுலபம். வாய் தவறினால் கப்பலில் இன்னொருவரோடு சேர்ந்து சிரித்துவிட்டுப் போவார். அவர் சொன்னது நியாயம் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் இன்னும் எரிந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை புக்கிட் மெர்தாஜாம் போனேன். மகள் வாசலிலேயே நின்றாள். ஒரு பிளாஸ்டிக் பையில் தன் இரண்டு கவுனையும் ஒரு சீப்பையும் போட்டு வைத்திருந்தாள். "பினாங்கும்மா, ஃபெரில போலாமா?" என்றாள். மாமியார் என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டு, பையை அவள் கையிலிருந்து வாங்கிவிட்டார். பிள்ளை அழவில்லை. உள்ளே போய் விளையாட ஆரம்பித்துவிட்டாள். அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலாம் போல இருந்திருக்கும்.

பள்ளிக்கூடம் சேர்க்கும் வயதில்தான், ஏழாவது வயதில், அவள் என்னிடம் வந்தாள். அதற்குள் வீட்டுக்காரருக்கு நிரந்தர நேரம் கிடைத்திருந்தது. பூப்போட்ட தலையணை அவளுக்குச் சின்னதாகிவிட்டது. என்னை அம்மா என்று கூப்பிட அவளுக்கு நாளானது. பினாங்கு என்ற சொல்லை வாய்வரை கொண்டுவந்து விழுங்கிவிட்டுக் கூப்பிடுவாள்.

தொழிற்சாலையில் நான் ஒன்றே ஒன்று செய்தேன். அந்தச் சொல்லைச் சொல்வதை விட்டுவிட்டேன். மஞ்சள் தட்டைக் காட்டி ஸ்தெங்கா என்பேன், பாதி என்று மலாயில். மிஸ் முதலில் முறைத்தார், அப்புறம் விட்டுவிட்டார். போகப்போக எங்கள் வரிசையில் எல்லோரும் ஸ்தெங்கா என்றே சொன்னார்கள். ஒட்டிய எழுத்து மட்டும் அப்படியே இருந்தது. அதை உரிக்க எனக்கு அதிகாரம் இல்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் என் மகள் வங்கியில் வேலை பார்த்தாள். ஆங்கிலம் அவளுக்குத் தண்ணீர் மாதிரி. முதல் பிள்ளை வயிற்றில் இருந்தபோது ஒரு சாயங்காலம் வந்து என் கட்டிலில் கால் நீட்டி உட்கார்ந்தாள்.

"அம்மா, ஆபீஸ்ல எல்லாரும் நான் க்ளோ ஆகுறேன்னு சொல்றாங்க."

நான் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். கத்தி நின்றுவிட்டது.

"ஏன்மா, மூஞ்சி அப்படிப் போவுது? நல்ல வார்த்தைமா அது."

"தெரியும்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று சிரித்தாள். பிறகு வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு, யாரையும் குத்திக்காட்டாமல், தனக்குள் சொல்லிக்கொள்வது போலச் சொன்னாள். "நான் மட்டும் இந்தப் புள்ளைய யார்கிட்டயும் விடமாட்டேன்மா. வேலைய விட்டாலும் விடுவேன்."

சொல்லியிருக்கலாம். தலையணையைப் பற்றி, இரண்டு மணியைப் பற்றி, ஒரு வார்த்தையைப் பற்றி. பல தடவை ஆரம்பித்திருக்கிறேன். ஒரு வார்த்தை புரியாமல் உன்னை மூன்று வருஷம் அங்கேயே விட்டுவிட்டேன் என்று சொன்னால், அது எந்தப் பாஷையில் சொன்னாலும் சாக்குப்போக்கு மாதிரிதான் இருக்கிறது. மிஸ்ஸுக்குப் புரிந்தது, சிநேகிதிக்குப் புரிந்தது. அவர்கள் அந்தத் தட்டைப் பார்த்தவர்கள். இவள் பார்க்கவில்லையே.

"விடாத" என்றேன்.

"உங்களுக்கு என்னம்மா செய்யுது? மூஞ்சியே சரியில்ல."

"வயிறு எரியுது."

அவள் எழுந்துபோய்ப் பையைத் துழாவினாள். பிள்ளைத்தாச்சிக்கு நெஞ்செரிச்சலுக்கு என்று டாக்டர் கொடுத்திருந்தாராம். வெள்ளை மாத்திரை இரண்டை என் உள்ளங்கையில் வைத்து, "மென்னு தின்னுங்கம்மா" என்றாள்.

மென்றேன். அதே சுண்ணாம்பு, அதே புதினா.